ஊறல் டேங்க்

நாங்கள் செய்வது பீர் டேங்க். பீர் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்குகிற கம்பெனிகளுக்குப் பின்னால் எங்கள் ஷெட். எவர்சில்வர் தகடு லாரியில் வரும். வளைப்போம், ஒட்டுவோம், மினுக்குவோம். ஆளைவிட உயரமான டேங்காகத் திரும்பிப் போகும். முன்பு பால் கம்பெனிகளுக்குப் போனது. இப்போது பாதிக்கு மேல் பீர் காய்ச்சுகிற ஓட்டல்களுக்கு. பெங்களூர், ஐதராபாத், பூனா. அங்கெல்லாம் ஓட்டலிலேயே கொஞ்சமாகக் காய்ச்சி, டேங்கிலிருந்து நேராகக் கிளாஸில் பிடித்துக் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் அதற்கு அனுமதி கிடையாது. நாங்கள் செய்த பீர் டேங்க் ஒன்றுகூட நம் ஊரில் நிற்கவில்லை.

நான் ஃபிட்டர். பைப், வால்வு வேலை. டேங்க் போகிற இடத்துக்குக் கூடவே போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். அப்படிப் போன இடத்தில்தான் அந்த பீரைக் குடித்தேன்.

முதல் தடவை பெங்களூரில். வேலை முடிந்த அன்று, அங்கே பீர் காய்ச்சுகிறவர் வேறொரு டேங்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து என் கையில் கொடுத்தார். கலங்கலாக இருந்தது. கெட்டுப்போனதைக் கொடுக்கிறாரோ என்று நினைத்தேன். மூக்கருகே கொண்டு போனால் வாழைப்பழ வாசனை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு நின்றேன்.

“எப்படி இருக்கு?” என்றார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“ஏறல சார்” என்றேன்.

அவர் சிரித்தார். இன்னொரு அரை கிளாஸ் பிடித்தார்.

“இது கோதுமை பீர். ஏறுறதுக்கு இல்ல. மெதுவா குடிங்க.”

மெதுவாகக் குடித்தேன். அப்போதுதான் கோதுமை தெரிந்தது. அதுவரை பீர் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுகிற விஷயம் என்றுதான் எனக்குத் தெரியும். நாக்கில் வைத்துப் பார்க்கிற விஷயம் என்று யாரும் சொன்னதில்லை.

ஊருக்கு வந்து ஷெட்டில் சொன்னேன். அன்றிலிருந்து டீக்கடையில் பீர் பேச்சுதான்.

நாங்கள் மூன்று பேர். நான். வெல்டர். பஃபிங் ஆள்.

வெல்டர் என் கூட்டாளி. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் இன்னும் படகில்தான் போகிறார்கள். இவன் ஆர்கான் வெல்டிங் பழகிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான். டேங்கின் உள்பக்கத்தை ஒட்டுகிற வேலை இவனுடையது. ஆள் நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, குனிந்து உட்கார்ந்து ஒட்டுவான். உள்ளே ஊசி முனை அளவு குழி இருந்தாலும் பழைய பீர் அதில் தங்கிவிடும். அடுத்துக் காய்ச்சுகிறதைக் கெடுக்கும். அதனால் கை ஆடக்கூடாது.

பஃபிங் ஆள் சத்தியவேடு பக்கத்துத் தெலுங்குக்காரன். தினமும் ஆந்திராவிலிருந்து பைக்கில் வந்து போவான். டேங்கை முகம் தெரிகிற மாதிரி தேய்த்துக் கொடுப்பான். இவர்கள் இரண்டு பேரும் அந்த பீரைக் குடித்ததில்லை. ஆனால் என்னைவிட அதிகம் பேசுவார்கள்.

“கருப்பு பீரு ஒண்ணு கீதாம் மச்சான். காபி மாறி கசக்குமாம்” என்பான் வெல்டர்.

“கசப்புதான் வேணும்னா காபியே குட்சிட்டுப் போயேன் நைனா. அதுக்கு எதுக்கு டப்பு செலவு?” என்பான் பஃபிங்.

“உனுக்கு இன்னா தெரியும். தேய்க்கிறவன் நீ. டேங்குக்கு வெளிய கீற. நான் உள்ள கீறன்.”

“உள்ள காத்து மட்டும்தான நைனா கீது?”

ஒரு நாள் வெல்டர் அரசாங்கக் கடையில் போய்க் கேட்டே விட்டான். மறுநாள் டீக்கடையில் சொன்னான்.

“கோதுமைல காச்சுன பீரு கீதாண்ணான்னு கேட்டன். என்னை மேலயும் கீழயும் பாத்தான். ‘இன்னா, ரேஷன் கடைன்னு நென்ச்சிக்கினியா’ன்றான்.”

டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் எரிச்சல்தான் வரும். கடை பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பூட்டின கடைக்கு எதிரில் குந்திக்கொண்டிருப்பார்கள். பெயர் சொல்லிக் கேட்டால், இருப்பதை வாங்கிக்கொண்டு போ என்பார்கள். இருப்பது எல்லாம் ஸ்ட்ராங். கூலிங் இருக்காது. தேர்தல் வந்தால் கடை மூடல், காந்தி ஜெயந்திக்கு மூடல். மூடுவதற்கு முந்தின நாள் வரிசையைப் பார்த்தால் கோயில் கூழுக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

“பீர் ஃபேக்டரி நம்ம மாவட்டத்துலயே கீது. லாரி லாரியா போவுது” என்பான் வெல்டர். “நல்லதா ஒண்ணு காச்ச முடியாதா அவனுங்களால?”

“யாரு கேக்கறா நைனா? உனுக்கு ஏறணும். அவனுக்கு விக்கணும்.” பஃபிங் ஆள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வான். “அந்தப் பக்கம் ரூல் மாறினா எங்காளுங்க இங்க வர்றாங்க. இந்தப் பக்கம் கடை மூடினா உங்காளுங்க அங்க வர்றாங்க. செக்போஸ்ட்டுக்காரன் மட்டும்தான் எப்பவும் ஒரே எடத்துல கீறான்.”

ஷெட்டில் எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லிவிட வேண்டும். டேங்கில் இரண்டு வகை. ஒன்று மாவைக் கொதிக்க வைக்கிறது. இன்னொன்று அதை ஆற வைத்து, நுரைக்க விட்டு, பீராக மாற்றுகிறது. இந்த இரண்டாவதற்கு டிராயிங்கில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கும். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. யாரோ ஒருவர் ஊறல் டேங்க் என்றார். அதுவே நின்றுவிட்டது. கிரேன்காரர், “ஊறல் ரெண்டயும் வெளிய எடுக்கவா?” என்பார். மேனேஜர் போனில், “ஊறல் நாளைக்கு லோடு ஆயிடும் சார்” என்பார்.

வெளியே ஊறல் என்றால் வேறு. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் வெல்லம், பட்டை, அழுகின பழம் எல்லாம் பானையில் போட்டுப் புதைத்து வைப்பான். அது ஊறல். போலீஸ் தோண்டியெடுத்துக் கொட்டுவார்கள். இது எங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தினமும் சொல்லிச் சொல்லி, அந்த அர்த்தம் எங்கள் காதில் விழாமல் போய்விட்டது.

வெல்டரின் கை ஆட ஆரம்பித்தது போன வருஷம்.

காலையில்தான் ஆடும். ஒரு டீ குடித்து, ஒரு மணி நேரம் போனால் நிற்கும். அதற்குள் பிடித்த வெல்டில் குழி விழுந்துவிடும். தினமும் சாயங்காலம் கடையில் ஸ்ட்ராங் குடிப்பான். ஒன்றில் நிறுத்த மாட்டான். மேனேஜர் ஒரு டேங்கைத் திருப்பிவிட்டார். உள்ளே விளக்கைப் பிடித்துக் காட்டினார். அவனைத் திட்டவில்லை. அடுத்த தடவை வேறு ஆளை வைப்பேன் என்று மட்டும் சொன்னார்.

அவன் மனைவி இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறது. விஷயம் அதன் காதுக்குப் போனது. சண்டை போடவில்லை. கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னது.

எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பழவேற்காடு போகிற வழியில் ஒரு அம்மன் கோயில். பூசாரி எத்தனை மாசம் என்று கேட்பார். மூணு மாசம் என்பான் ஒருத்தன். ஒரு வருஷம் என்பான் ஒருத்தன். கெடு வைத்துக் கட்டிக்கொண்டு, கெடு முடிகிற அன்றைக்கே கடையில் நிற்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். வெல்டர் மனைவி கெடு எல்லாம் வேண்டாம் என்றது. ஆயுசுக்கும் கட்ட வேண்டும்.

அவன் ஒத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி வைத்தார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் பெங்களூரிலிருந்து மேனேஜருக்கு போன் வந்தது. புதிதாக நாங்கள் அனுப்பின டேங்கில் முதல் பீர் தயாராகிவிட்டது. ஒரு வால்வு ஒழுகுகிறது, ஆள் அனுப்புங்கள் என்றார்கள். என்னைப் போகச் சொன்னார் மேனேஜர். அந்த டேங்கின் உள்பக்கம் முழுக்க வெல்டர் ஒட்டினது. கை ஆடாத நேரமாகப் பார்த்து, மதியத்துக்கு மேல் மட்டும் உட்கார்ந்து ஒட்டினான்.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மச்சான். ஞாயித்துக்கெழம கட்டிட்டா முட்ஞ்சிது. அப்பால வாயில வெக்க முடியாது.”

“தெரியும்.”

“அந்த டேங்குல இருந்து கொஞ்சம் எட்த்துனு வா. ஒரே ஒரு கிளாஸ் போதும். நான் பண்ண டேங்குல இருந்து வந்தது எப்டி கீதுன்னு பாத்துட்டு கட்டிக்கிறன்.”

“நீயே வாயேன்.”

“மேனேஜரு உடுவாரா? நான் போனா இங்க ஒட்டறதுக்கு யாரு கீறா?”

அது உண்மை. விடமாட்டார்.

“பாட்டில்ல புட்ச்சிக்கினு வரன்” என்றேன்.

“பிளாஸ்டிக்ல வேணாம். நாறிடும். நான் ஒண்ணு செஞ்சி தரன்.”

செய்தான். மிச்சம் விழுந்த எவர்சில்வர் பைப்பை வெட்டி, அடியை ஒட்டி, மேலே மூடி வைத்து, கிளாம்ப் போட்டு, தூக்கிப் போக ஒரு பிடியும் வைத்தான். பஃபிங் ஆள் உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கொடுத்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவு நல்ல பாத்திரத்தை நான் எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. மூன்று பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் ஒட்டினது சரியா, மூடி பிடிக்கிறதா, காற்று போகிறதா என்று எல்லாம் பார்த்தோம். அதன்மேல் ஒரு லேபிள் இல்லை என்பதை மூன்று பேரில் ஒருத்தனும் பார்க்கவில்லை.

நான் கிளம்பின நாளிலிருந்து அவன் கடைப் பக்கம் போகவில்லை. வாய் சுத்தமாக இருக்கணுமாம். ஸ்ட்ராங் குடித்த நாக்கில் இது தெரியாதாம். நான் சொன்ன வாழைப்பழ வாசனையும் கோதுமையும் தெரியணுமாம்.

பெங்களூரில் வால்வு வேலை சீக்கிரம் முடிந்தது. காய்ச்சுகிறவரிடம் பாத்திரத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். வெளியே எடுத்துப் போகிறதுக்கு அங்கே கொடுப்பது வழக்கமில்லை. பாத்திரத்தைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார்.

“இதுவும் அவர் பண்ணினதா?”

“ஆமா சார்.”

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, தானே பிடித்துக் கொடுத்தார். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்தார். “சூடாகக் கூடாது. இன்னைக்கே குடிச்சிடணும்” என்றார். எனக்கும் ஒரு கிளாஸ் பிடித்தார். நான் சரியாகக் குடிக்கவில்லை. மனசு முழுக்கப் பெட்டி மேல் இருந்தது.

கம்பெனி வேன். ஓட்டுகிறவர் எங்கள் ஆள். சித்தூர், புத்தூர் வழியாக வந்தோம். வழியில் இரண்டு இடத்தில் ஐஸ் வாங்கிப் போட்டேன். ஊத்துக்கோட்டைக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அங்கிருந்து ஷெட்டுக்கு ஷிஃப்ட் முடிவதற்குள் போய்விடலாம். அவன் கேட்டில் நிற்பான்.

செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.

வயசான ஏட்டு ஒருவர். பின் கதவைத் திறக்கச் சொன்னார். டூல் பாக்ஸ் பார்த்தார். பைப் பார்த்தார். பெட்டியைத் தட்டினார்.

“இன்னாய்யா இது? மீனா?”

“இல்ல சார்.”

திறந்தார். ஐஸுக்கு நடுவில் பாத்திரம் பளபள என்றிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“இன்னா உள்ள?”

“பீர் சார்.”

“பீர்னா லேபிள் எங்க?”

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

“லேபிள் கெடையாது சார். நேரா புட்ச்சது.”

“எங்க புட்ச்ச?”

நான் யோசிக்கவில்லை. தினமும் சொல்கிறதைச் சொன்னேன்.

“ஊறல் டேங்க்ல சார்.”

வேன்காரர் என் முதுகில் குத்தினார். ஏட்டு நிமிர்ந்தார். அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு போலீஸ்காரரும் கிளாஸோடு வந்தார்.

“எங்க கீது அந்த ஊறலு?”

“பெங்களூர்ல சார்.”

“யாரு போட்டது?”

“நாங்கதான் சார்.”

“நீங்களா?”

“டேங்க்கு சார். டேங்க்கு நாங்க போட்டது. ஊறல் அவங்க.”

“ஊறலு வேற ஆளு. ஊறலுக்கு டேங்கு நீ.” இன்னொரு போலீஸ்காரரைப் பார்த்தார். “கேட்டுக்க. சொந்தமா டேங்கு கட்டிக் குடுத்துக்கினு கீறானுங்க.”

மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து முகர்ந்தார். கலங்கலாக இருந்தது. வாழைப்பழ வாசனை வந்தது.

“வாழப்பழம் போட்டுக் கீறான்” என்றார்.

“பழம் போடல சார். கோதுமை. அதுவே அப்டி வாசன குடுக்கும்.”

“அப்டிதான் எல்லாரும் சொல்றானுங்க.”

மேனேஜருக்கு போன் போடச் சொன்னார். போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார். இந்த ஆள் உங்க ஆளா, எங்கே அனுப்பினீர்கள் என்று.

“ஆமா சார், நம்ம ஆளுதான்” என்றார் மேனேஜர். “பெங்களூருக்கு ஊறல் டேங்க் வேலையா அனுப்பினேன். ஏன் சார்?”

வேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மேனேஜர் இங்கிலீஷ் பெயரைச் சொன்னார். ஓட்டல் பெயரைச் சொன்னார். வேனில் இருந்த சலானைக் காட்டினேன். விளங்க வைக்க நேரம் ஆனது. ஐஸ் கரைந்து பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் ஒழுகியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு கடைசியில் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். குரல் மாறியது.

“உன்ன உள்ள வெக்கணும்னு எனக்கு ஆச கெடையாது. ஆனா வேற ஸ்டேட்டு சரக்கு. மேல லேபிளும் இல்ல. இத்த உட்டா நாளிக்கு என்னை நிக்க வெச்சி கேப்பாங்க. லேபிள் இல்லாதத குட்சிட்டு எத்தினி பேரு செத்தான், பேப்பர் பாக்கறதில்லியா நீ?”

“இது அப்டி இல்ல சார். ஒரு கிளாஸ்தான் வேணும். ஒரு ஆளு குடிய உடப்போறான் சார். அதுக்காக.”

“குடிய உடறதுக்குக் குடியா?”

சொன்னால் அப்படித்தான் இருந்தது.

“கேஸ் இல்ல. ஊத்திட்டுப் பாத்திரத்த எட்த்துனு போ. நீயே ஊத்து.”

ரோட்டோரம் ஒரு புளியமரம். அதன் கீழே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். நுரை கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மண் இழுத்துக்கொண்டது. ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது. ஏட்டு பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டு வரை பார்த்தார். அவர் வேலை அது. எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரத்தில் அரசாங்கக் கடை திறந்திருந்தது. இரண்டு பேர் பாட்டிலை மடியில் சொருகிக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்து போனார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. லேபிள் இருந்தது.

வேன் கிளம்பியது. பெரியபாளையம் தாண்டினதும் வேன்காரர் வாயைத் திறந்தார்.

“ஒரு காலி பாட்டில்ல புட்ச்சிக்கினு வந்துருந்தா, பழைய லேபிளோட, பாத்துருக்க மாட்டாருண்ணா.”

“தெரிது.”

“ஜூஸ்னு சொல்லியிருக்கலாம்.”

“தெரிதுப்பா. ஓட்டு.”

நாங்கள் போனபோது ஷிஃப்ட் முடிந்து கேட் காலியாக இருந்தது. வெல்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தான். குளித்து, சட்டை மாற்றியிருந்தான். கையில் ஒரு கண்ணாடி கிளாஸ். டீக்கடையில் கேட்டு வாங்கி வந்திருப்பான்.

நான் பாத்திரத்தைக் கொடுத்தேன். கனம் இல்லை என்று வாங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னா ஆச்சு?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊறல் டேங்க் என்று சொன்னதையும், மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவன் கிளாம்பைக் கழற்றி உள்ளே முகர்ந்தான்.

“புளிச்ச வாசனதான் வர்து.”

“சூடாயிடுச்சி. அதான்.”

“வாழப்பழம் வந்துச்சா உனுக்கு?”

“வந்துச்சி.”

“என் டேங்குதான?”

“உன் டேங்குதான். நான் பாத்து, கூட நின்னுதான் புட்ச்சேன்.”

“உள்ள குழி கிழின்னு ஒண்ணும் சொல்லலியே?”

“நல்லாருக்குன்னுதான் சொன்னாரு.”

“செரி வுடு” என்றான். பாத்திரத்தைக் குழாயில் கழுவி, அவன் வெல்டிங் டேபிளுக்கு மேல் கவிழ்த்து வைத்தான். கிளாஸை டீக்கடையில் திருப்பிக் கொடுத்தான். பஸ் ஏறிப் போனான்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒழுங்காக வேலை செய்தான். காலையிலேயே உட்கார்ந்து ஒட்டினான். கை ஆடவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் அப்படிப் போனால் வேலை நல்லது என்று அர்த்தம். எனக்கு ஆறுதலாக இருந்தது. பஃபிங் ஆள், “பீர் போனா போவுது நைனா, கை வந்துச்சே” என்றான். வெல்டர் குனிந்து டேங்குக்குள் இறங்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கடைக்குப் போனான்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியும். கோயிலுக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கோயில் வாசலில் அவன் மனைவி தேங்காய், பழம், வெற்றிலையோடு நின்றது. அவன் தள்ளி நின்றான். கண் சிவந்திருந்தது. அருகே போனதும் வாடை தெரிந்தது.

“இன்னா மச்சான் இது?”

“இன்னிலேந்து கெடையாதுல்ல. அதான்.”

“அந்தக் கருமத்தயா?”

“வேற இன்னா கெடைக்குது?” என்றான். “நல்லது கேட்டா ஊத்திட்டான். இது மட்டும்தான கீது. இத்தயாவது கடைசியா குட்சிக்கலாம்னு போனன். ஒண்ணோட நிறுத்த முடியல.”

என்னால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர், கூடவே அம்மாவோ மனைவியோ. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்தது. பூசாரி கயிறைக் கையில் எடுத்தார்.

“எத்தினி மாசம்?”

“ஆயுசுக்கும்” என்றது அவன் மனைவி.

“நீ சொல்லக் கூடாதும்மா. அவுரு சொல்லணும்.”

அவன் வாயைத் திறந்தான். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிறைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“கட்ட முடியாது.”

“சாமி” என்றது அது.

“நேத்து குட்சிக் கீறாரும்மா. வாடையோட கட்டுனா நிக்காது. ஆத்தாளுக்கும் ஆவாது. சுத்தமா இருந்துட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டினு வா.”

“அடுத்த வாரம் எனக்கு லீவு கெடைக்காதுங்க.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தோம். தேங்காய் உடைக்காமல் பையிலேயே இருந்தது. அவன் போய் ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இன்னும் இரண்டு ஆள் வந்தால்தான் வண்டி கிளம்பும் என்றார் டிரைவர். அவன் மனைவியும் நானும் வெயிலில் நின்றோம்.

“நாலு நாளு வாயில வெக்கல தெரியுமாண்ணா” என்றது. “சாயங்காலம் ஊட்டுக்கு வந்துட்டாரு. புள்ளைங்களோட சாப்ட்டாரு. நான் ஆத்தாளு புண்ணியம்னு நென்ச்சிக்கினு இருந்தன். நேத்துதான் சொல்றாரு, ஏதோ பீருக்காக வாய சுத்தமா வெச்சிக்கினு இருந்தேன்னு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“அது வந்து சேந்துருந்தா இன்னிக்கு கட்டியிருப்பாராண்ணா?”

“கட்டியிருப்பான்.”

“நெசமாவா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் கையில் தேங்காய்ப் பை இருந்தது. “கட்டியிருப்பான்” என்று இன்னொரு தடவை சொன்னேன். அது தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

எனக்கு யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. ஏட்டுமேல் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அவன்மேல் வைத்துப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. கெட்டதை வேளைக்குத் திறந்து, வேளைக்கு மூடி, ரசீது போட்டு விற்கிறார்கள். கொஞ்சம் தேவலாம் என்கிறதைக் குடிக்க இன்னொரு மாநிலம் போக வேண்டும். கொண்டுவந்தால் மரத்துக்கு ஊற்ற வேண்டும். யாரோ உட்கார்ந்து எழுதின ரூல். அவர்கள் என் எதிரில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். காலையில் கை ஆடியது. மேனேஜர் பார்ப்பதற்குள் நான் அவனை வெளிப்பக்க வேலைக்கு இழுத்துக்கொண்டேன். பைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். மதியம் நாஷ்டாக் கடையில் சரியாகச் சாப்பிடவில்லை. பஃபிங் ஆள் ஏதோ ஜோக் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பீர் பேச்சு வரவில்லை.

ஷிஃப்ட் முடிந்தது. ஷெட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிற ரோட்டில்தான் கடை. நேராகப் போனால் அதைத் தாண்டாமல் போக முடியாது. கேட்டில் அவன் அந்தப் பக்கம் திரும்பினான். நான் அவன் சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்து, ரயில்வே லைன் பக்கம் திரும்பினேன். அது சுற்று வழி. புழுதி. லாரி கழுவின தண்ணீர் தேங்கி நிற்கும்.

அவன் நின்றான்.

“பேஜாரு புட்ச்ச வழி மச்சான் இது.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கெழம வரிக்கும் தெனம் இப்டியேவா?”

“ஆமா.”

“அவ லீவு கெடைக்காதுன்றா.”

“நான் கூட்டினு போறேன்.”

“அப்பாலயும் இந்தக் கடை இங்கதான கீது?”

அவன் கேட்டது சரிதான். கடை எங்கேயும் போகாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன்.

“நட” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.